ஈரம் புகாத மூடி

கோவில்பட்டி
15.06.2024, சனி

அன்புள்ள செல்வமாரிக்கு,

ஷைலா அக்கா எழுதுகிறேன். இன்றைக்குக் காலையில் சென்டரில் உனக்குப் புது மாத்திரை டப்பா கொடுத்தேனே, கண்ணாடி போட்ட குண்டு அக்கா, அது நான்தான். நீ என் முகத்தை நிமிர்ந்து பார்த்திருந்தால்தானே தெரியும்! உன் மாமா சோலைமுத்து பக்கத்தில் நின்றுகொண்டு எல்லாக் கேள்விக்கும் அவரே பதில் சொன்னார். "எம்மா, அவ ஒழுங்காத்தான் சாப்பிடுதா, நீங்க எழுதிக்கிடுங்க" என்றார். நீ பாட்டுக்குத் தலையாட்டினாய். தலையாட்டுகிற பிள்ளைகளைக் கண்டால்தான் எனக்குப் பயம்.

அதனால்தான் கடிதம். உங்கள் ஹாஸ்டலில் பிள்ளைகளுக்குப் போன் கிடையாது. மாமா வீட்டில் இருக்கிற ஒரே போனும் எந்நேரமும் ஸ்பீக்கரில் அலறுகிறது. ஹாஸ்டலில் கடிதங்களைப் பிரிப்பதில்லை என்று விசாரித்துவிட்டேன். ஆனாலும் படித்ததும் கிழித்துப் போடு.

என் வேலை என்ன என்று உனக்குத் தெரிய வேண்டும். எச்.ஐ.வி. உள்ள வளரும் பிள்ளைகள் தினம் தவறாமல் மாத்திரை விழுங்குகிறார்களா என்று அளப்பதுதான் என் வேலை. கடம்பூர், கழுகுமலை, எட்டயபுரம் என்று சுற்றி நாற்பத்திரண்டு பேர் என் கணக்கில். நூறு நாளுக்குத் தொண்ணூற்றைந்து நாளாவது விழுங்கினால்தான் கிருமி அடங்கிக் கிடக்கும். நடுநடுவே விட்டால் மருந்தையே அது பழகிக்கொள்ளும், பிறகு எதைக் கொடுத்தும் பிரயோஜனம் இல்லை. பிறந்ததிலிருந்து இதைக் கேட்டுக் கேட்டு உனக்குக் காது புளித்திருக்கும், தெரியும்.

புது டப்பாவின் மூடி கனமாக இருக்கிறதே என்று பார்க்காதே. அது ஈரம் புகாத மூடி. வெளிநாட்டுச் சரக்கு. சும்மா சும்மா திறக்கக் கூடாது, திறந்தால் ஈரம் ஏறி மாத்திரை கெட்டுவிடும். கீழே போடாதே.

பதில் எழுது. படிப்பு, சண்டை, சாப்பாடு எதுவானாலும் எழுது. கர்த்தர் உன்னோடு இருப்பாராக. நீ மாரியம்மனைக் கும்பிடுகிறவள் என்பதற்காக அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அன்புடன்
ஷைலா அக்கா

*

எட்டயபுரம், ஹாஸ்டல்
23.06.2024, ஞாயிறு

மரியாதைக்குரிய ஷைலா அக்காவுக்கு செல்வமாரி எழுதுவது.

எனக்குக் கடிதம் வருவது இதுதான் முதல் தடவை. எல்லாரும் யார் என்று கேட்டார்கள். சொந்தக்கார அக்கா என்றேன். பொய்தான், மன்னிக்கவும்.

நான் பிளஸ் டூ. எனக்கு உயிரியல் பிடிக்கும். லேப் டெக்னீஷியன் படிக்க வேண்டும் என்று ஆசை. சின்னதிலிருந்து எத்தனையோ பேர் என் ரத்தத்தை எடுத்துக் கண்ணாடிக்குள் பார்த்துவிட்டார்கள், நானும் ஒரு நாள் பார்க்க வேண்டும். ஆனால் மாமா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். "ஹாஸ்டல்ல இருக்குத வரைக்கும் படி. அங்கன இருந்து வந்துட்டேன்னா தீப்பெட்டி ஆபீஸ் வேலைதான்." அம்மாவும் அப்பாவும் போன பிறகு என்னை வைத்திருக்கிறவர் அவர். அத்தைக்கு என் வியாதி தெரியாது. தைராய்டு மாத்திரை என்று மாமா சொல்லி வைத்திருக்கிறார். எங்கள் வார்டன் சுஜா டீச்சருக்கும் தெரியாது. தெரிந்தால் அன்றைக்கே பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

என் சிநேகிதி கிருபா. ஒரே பாயில் படுப்போம். அவளுக்குக் கணக்கு வராது, எனக்கு இங்கிலீஷ் வராது. இரண்டு பேரையும் சேர்த்தால் ஒரு ஆள் பாஸாகலாம் என்று டீச்சர் சொல்வார்.
(பின்பக்கம் பார்க்க)

அக்கா, டப்பாவைப் பற்றி ஒரு விஷயம். அது ரொம்பச் சத்தம் போடுகிறது. நாற்பது பேர் படுக்கிற ஹாலில் ராத்திரி அதைத் திறந்தால் கலகல என்று எல்லாரும் எழுந்துவிடுவார்கள். நீங்களும் அடிக்கடி திறக்கக் கூடாது என்று சொன்னீர்கள். அதனால் ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் துவைக்கப் போகும்போது ஒரு தடவை மட்டும் திறந்து, ஏழு மாத்திரை எடுத்து, பிளாஸ்டிக் தாளில் சுற்றித் தீப்பெட்டிக்குள் வைத்துக்கொள்கிறேன். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பெட்டியில் தீப்பெட்டி இருந்தால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. குச்சி கேட்டால் கொடுக்க இன்னொரு பெட்டி இருக்கிறது. தினமும் ஒன்பது மணிக்குப் போர்வைக்குள் விழுங்கிவிடுவேன். மூடிக்குள் ஈரம் போகாது, கவலைப்படாதீர்கள்.

இப்படிக்கு
செல்வமாரி

*

கோவில்பட்டி
20.08.2024

செல்வமாரி,

இந்தக் கடிதத்தைச் சிரித்துக்கொண்டு எழுதவில்லை.

அறுபத்து மூன்று நாளில் நீ மாத்திரை சாப்பிட்டது ஒன்பது நாள். எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதே, தெரியும். அந்த ஒன்பதும் ஞாயிற்றுக்கிழமை. மாமா உன்னைப் பார்க்க வருகிற நாள். அவர் முன்னால் ஒன்று போட்டுக் காட்டிவிட்டு மற்ற ஆறு நாளும் எங்கே கொட்டுகிறாய்? கக்கூஸிலா? டப்பாவில் எண்ணிக்கை சரியாக இருக்கிறது என்று தைரியமாகக் கொண்டு வந்து நீட்டினாய். எண்ணிக்கையைச் சரி பண்ணத் தெரியாத பிள்ளையை நான் இன்னும் பார்க்கவில்லை.

போன வருஷம் இன்னாசிராஜ் என்று ஒருத்தன். உன் வயசுதான். உன்னை மாதிரியே நல்ல பிள்ளை, தலையாட்டுவான். டப்பா எப்போதும் காலி. செத்த பிறகு அவன் வீட்டுப் பரணில் ஒரு பவுடர் டப்பா நிறைய மாத்திரை இருந்தது. பெட்டிக்குள் அவனை வைத்தபோது முப்பது கிலோ கூட இல்லை. நீயும் அப்படிப் போக வேண்டுமா? லேப் டெக்னீஷியன் ஆகப் போகிறாளாம். உன் ரத்தத்தை வேறு எவளாவது பார்த்துவிட்டு உச்சுக் கொட்டப் போகிறாள்.

மூன்று மாதம் தொடர்ந்து எண்பது சதவீதத்துக்குக் கீழே போனால் நீ தங்குகிற இடத்தில் ஒரு பெரியவரிடம் சொல்லி, அவர் கண் முன்னால் விழுங்க வைக்க வேண்டும் என்பது எங்கள் விதி. அடுத்த மாதமும் இப்படியே இருந்தால் சுஜா டீச்சரிடம் பேசுவேன்.

உண்மையை எழுது. உண்மை எழுதினால் மன்னிக்கிற மனசு எனக்கு உண்டு.

ஷைலா

*

எட்டயபுரம்
25.08.2024

ஷைலா அக்காவுக்கு,

நான் தினமும் சாப்பிடுகிறேன். செத்துப்போன என் அம்மா மேல் சத்தியமாகச் சாப்பிடுகிறேன்.

உங்கள் கடிதத்தைக் குளியலறையில் நின்று நாலு தடவை படித்தேன். நான் என்ன தப்புச் செய்தேன் என்று எனக்கு விளங்கவில்லை. ஒன்பது நாள் என்று யார் சொன்னார்கள்? மாமா சொன்னாரா? அவர் இரண்டு ஞாயிற்றுக்கிழமைதான் வந்தார். மாத்திரை பற்றி அவர் கேட்கவே இல்லை, பருத்திக்கு மருந்தடிப்பதைப் பற்றித்தான் பேசினார்.

ஜூலையில் எனக்கு அம்மை போட்டது. அப்போதுகூட விடவில்லை. ஒரு நாள் தண்ணீர் இல்லாமல் எச்சிலிலேயே விழுங்கினேன். பெருமைக்குச் சொல்லவில்லை.

அக்கா, உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன், டீச்சரிடம் மட்டும் சொல்லாதீர்கள். மார்ச்சில் பரீட்சை. இன்னும் ஏழு மாதம் இந்த ஹாலில் எனக்கு ஒரு மூலை இருந்தால் போதும். வேண்டுமானால் தினமும் நீங்களே வந்து பாருங்கள். ரத்தம் எடுத்துப் பாருங்கள், எவ்வளவு வேண்டுமானாலும் எடுங்கள்.

நான் சொல்வதை நம்புங்கள் அக்கா.

செல்வமாரி

*

கோவில்பட்டி
17.09.2024

செல்வமாரி,

சனிக்கிழமை வந்தாயே, அதையும் பார்த்துவிட்டேன். போன நாலு வாரத்தில் நாலே நாள். மறுபடியும் ஞாயிறு, ஞாயிறு, ஞாயிறு, ஞாயிறு. அம்மா மேல் சத்தியம் பண்ணுகிற பிள்ளையை என்ன செய்வது என்று ஜெபம் பண்ணிக் கேட்டேன். உன்மேல் உள்ள பிரியத்தால்தான் இதைச் செய்கிறேன்.

இன்று சுஜா டீச்சரை அவர்கள் அறையில் பார்த்துச் சொல்லிவிட்டேன். கண்ணீர் விட்டார்கள். "எம்மா, இத என் நெஞ்சுக்குள்ளயே வச்சிக்கிடுதேன், ஒரு பிள்ளைக்கும் தெரியாது" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்கள். தினமும் ஒன்பது மணிக்கு அவர்கள் அறைக்குப் போய் அவர்கள் முன்னால் விழுங்க வேண்டும். அவ்வளவுதான். யாரும் உன்னைக் கடித்துத் தின்னப் போவதில்லை.

நீ கேட்டபடி ரத்தமும் வைரல் லோடுக்கு அனுப்பியாயிற்று. ரிசல்ட் வர இரண்டு மாதம் ஆகும். கிருமி எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அப்போது நீயே பார்ப்பாய்.

ஷைலா

*

மாமா வீடு
06.10.2024

டீச்சர் தன் நெஞ்சுக்குள் எத்தனை நாள் வைத்திருந்தார்கள் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும் அல்லவா. மூன்று நாள்.

முதல் நாள் என் தட்டு காணாமல் போனது. புதுத் தட்டு ஒன்று கொடுத்தார்கள். கழுவி மற்றவற்றோடு வைக்காமல் ஜன்னலில் வைக்கச் சொன்னார்கள். இரண்டாம் நாள் என் பாயை ஸ்டோர் ரூமில் போடச் சொன்னார்கள், மூட்டைப்பூச்சி என்று காரணம். மூன்றாம் நாள் எல்லாப் பிள்ளைகளையும் ஹாலில் உட்கார வைத்து, "யாரும் பயப்படக் கூடாது, தொட்டா ஒட்டாது, நம்ம செல்வமாரிகிட்ட எல்லாரும் பிரியமா இருக்கணும்" என்று சொன்னார்கள். என் பெயரைச் சொன்னார்கள் அக்கா. என்னையும் அங்கேயே உட்கார வைத்துக்கொண்டு சொன்னார்கள்.

கிருபா அன்றைக்கே டெட்டால் ஊற்றித் தலைக்குக் குளித்தாள். நாங்கள் ஒரே சீப்பில் சீவுவோம். பிறகு என் நாலு கிளிப்பையும் பேப்பரில் சுற்றிக் கொண்டு வந்து, என் கையில் தராமல் தரையில் வைத்துவிட்டுப் போனாள். "ஏட்டி, முன்னயே சொல்லிருக்கலாம்லா" என்று மட்டும் கேட்டாள். அவள் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. அந்த வாரக் கடைசியில் பதினோரு பிள்ளைகளின் அப்பா அம்மா வந்து கேட்டில் நின்றார்கள். டீச்சர் மாமாவுக்குப் போன் போட்டார்கள். எடுத்தது அத்தை. ஸ்பீக்கரில்.

நான் வீட்டுக்கு வந்தபோது அத்தை ஒன்றும் திட்டவில்லை. தப்பா நினைக்காத தாயி என்றுதான் ஆரம்பித்தார். என் தட்டு, டம்ளர், சொம்பு மூன்றின் அடியிலும் சிவப்பு நகப்பூச்சால் புள்ளி வைத்தார். மாத்திரை டப்பா வீட்டுக்குள் வரக் கூடாதாம், பையில் போட்டு வெளியே வேப்பமரத்தில் தொங்குகிறது. நான் படுப்பது உளுந்து மூட்டை போடுகிற அறை. மாமா என் முகத்தைப் பார்க்கவில்லை. "சொன்னேம்லா, அங்கன இருந்து வந்துட்டேன்னா இதான்னு" என்றார். திங்கட்கிழமையிலிருந்து தீப்பெட்டி ஆபீஸ். பதினெட்டு முடிந்தது என்று எழுதிச் சேர்த்துவிட்டார்கள். லேபிள் ஒட்டுகிறேன். அங்கே இன்னும் யாருக்கும் தெரியாது, நீங்கள் வராதவரைக்கும்.

ஹாஸ்டலில் இருந்த கடைசி நாள் ராத்திரி கூட ஒன்பது மணிக்கு மாத்திரை சாப்பிட்டேன். டீச்சர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தார்கள்.

வேறு என்ன எழுத வேண்டும் உங்களுக்கு? மறுபடியும் எழுதுவதாக இருந்தால் வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். தபால்கார சண்முகராஜ் அண்ணாச்சி ஆபீஸ் வாசலில் என் கையில் கொடுப்பார்.

செல்வமாரி

*

கோவில்பட்டி
16.11.2024

செல்வமாரிக்கு,

உன் கடிதத்துக்கு ஒரு மாதமாகப் பதில் எழுதவில்லை. எழுதி எழுதிக் கிழித்தேன். இன்றைக்கு எழுதியே ஆக வேண்டும்.

ரிசல்ட் வந்துவிட்டது. 'கண்டறிய முடியாத அளவு' என்று இருக்கிறது. உன் ரத்தத்தில் கிருமியை எண்ணக்கூட முடியவில்லை. என் நாற்பத்திரண்டு பேரில் இவ்வளவு சுத்தமான ரிசல்ட் ஏழு பேருக்குத்தான். பெயர் மாறிவிட்டதோ என்று ஆய்வகத்துக்கு இரண்டு தடவை போன் பண்ணினேன். மாறவில்லை. தினமும் சாப்பிடாமல் இது வராது.

அப்படியானால் நீ சாப்பிட்டிருக்கிறாய்.

இப்போது நான் ஒன்று சொல்ல வேண்டும். அந்த மூடிக்குள் ஒரு சிப் இருக்கிறது. டப்பாவை ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் அது தேதியையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளும். ஒரு திறப்பு என்றால் ஒரு மாத்திரை என்று கணக்கு. மாதா மாதம் நீ டப்பாவைக் கொண்டு வந்து கொடுத்ததும் உள்ளே எடுத்துக்கொண்டு போய் அதைத்தான் படித்தேன். அது வாரம் ஒரு நாள் என்றது. மூடி பொய் சொல்லாது என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

நீ எப்படிச் சாப்பிட்டாய்? தயவு செய்து எழுது. கோபத்தில் எழுதாமல் இருந்துவிடாதே.

ஷைலா அக்கா

*

மாமா வீடு
24.11.2024

ஜூன் 23ஆம் தேதி நான் எழுதிய கடிதம் உங்களிடம் இருக்கிறதா? எடுத்துப் பாருங்கள். தாளைத் திருப்பிப் பாருங்கள்.

திருப்பியிருக்க மாட்டீர்கள் என்று எனக்கு இப்போது நன்றாகத் தெரிகிறது. முன்பக்கத்தில் இருந்த லேப் டெக்னீஷியனைத்தானே ஆகஸ்டில் எடுத்து என் முகத்தில் எறிந்தீர்கள். பின்பக்கத்தில் எல்லாம் எழுதியிருக்கிறேன். ஏழு மாத்திரை, தீப்பெட்டி, ஒன்பது மணி, போர்வை. உங்களுக்கு மறைக்கவே இல்லை. கவலைப்படாதீர்கள் என்று வேறு எழுதினேன், மடச்சி.

இன்னொன்று. சும்மா சும்மா திறக்காதே, ஈரம் ஏறிவிடும் என்று எனக்குச் சொன்னது யார்? உங்கள் முதல் கடிதத்தை நான் கிழிக்கவில்லை. நீங்கள் கிழிக்கச் சொன்னீர்கள், ஆனால் எனக்கு வந்த முதல் கடிதம் என்று பாட்டனி நோட்டுக்குள் ஒட்டி வைத்திருந்தேன். 'ஈரம் புகாத மூடி, வெளிநாட்டுச் சரக்கு' என்று உங்கள் கையெழுத்தில் இருக்கிறது. நீங்கள் திறக்காதே என்றீர்கள், நான் திறக்கவில்லை. திறக்கவில்லை என்பதற்காக என்னைத் தெருவில் விட்டீர்கள்.

உங்கள் வேலை அளப்பது. ஒரு தாளுக்கு இரண்டு பக்கம் உண்டு என்பதைக் கூட யாராவது உங்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டுமா?

செல்வமாரி

*

கோவில்பட்டி
01.12.2024

செல்வமாரி, என் தங்கமே,

திருப்பிப் பார்த்தேன். இருக்கிறது. அன்றைக்குக் கழுகுமலை பஸ்ஸில் நின்றுகொண்டே படித்தேன். முன்பக்கம் படித்துவிட்டு 'நல்ல பிள்ளை' என்று நினைத்துக்கொண்டு பையில் போட்டேன். அவ்வளவுதான் நடந்தது. சாக்குச் சொல்லவில்லை.

ஈரம் என்று சொன்னது என் சொந்தப் பொய். மூடியில் சிப் இருப்பதை விளக்கிச் சொல்லித்தான் கையெழுத்து வாங்க வேண்டும் என்று எங்கள் தாளில் இருக்கிறது. சொன்னால் பிள்ளைகள் சும்மா திறந்து திறந்து மூடி ஏமாற்றுவார்கள் என்று நான் சொல்லவில்லை. நாற்பத்திரண்டு பேருக்கும் இதே பொய்தான். புத்திசாலித்தனம் என்று நினைத்தேன்.

சுஜா டீச்சரைப் போய்ப் பார்த்தேன். ரிசல்ட்டைக் காட்டினேன். "அது சரிம்மா, நோய் இல்லேன்னு எழுதிக் குடுப்பியளா?" என்று கேட்கிறார்கள். ஹாஸ்டல் நடக்காது. ஆனால் பரீட்சைக்கு வழி இருக்கிறது. உன் பெயர் பள்ளிப் பட்டியலில் இன்னும் இருக்கிறது. ஒழுங்காக மருந்து சாப்பிடுகிறாள் என்று நம் சென்டர் மந்திரமூர்த்தி டாக்டர் ஒரு கடிதம் கொடுத்தால் ஹெட்மாஸ்டர் தனி அறையில் எழுத விடுவதாகச் சொன்னார். டாக்டரோ, "ஒரு ரிசல்ட்ட வச்சு எப்படி எழுத? மூடி பதினாலு சதவீதம்தானே காட்டுது" என்கிறார்.

அதனால் ஒன்று செய். இனிமேல் தினமும் ஒன்பது மணிக்கு மூடியைத் திற. மாத்திரையை எடுத்து அப்போதே விழுங்கு. மூன்று மாதம் நூறு வந்துவிட்டால் நானே அவர் மேஜையில் வைத்துக் கையெழுத்து வாங்கிவிடுவேன்.

ஈரம் விஷயம் டாக்டருக்குத் தெரிய வேண்டாம், செல்வமாரி. நாற்பத்திரண்டு பேர் கணக்கும் செல்லாது என்று ஆகிவிடும். எனக்கு வேலை போய்விடும். படுக்கையில் கிடக்கிற அம்மாவை வைத்துக்கொண்டு நான் எங்கே போவேன்? உன்னை ஒரு அக்காவாகக் கேட்கிறேன்.

ஷைலா

*

கோவில்பட்டி
22.02.2025

செல்வமாரிக்கு அன்பு முத்தங்கள்!

ஒரு வரி கூட நீ பதில் போடவில்லை என்றாலும் உன் பதில் எனக்கு மூடியில் வந்துகொண்டே இருந்தது. டிசம்பரில் என் கடிதம் கிடைத்த நாளிலிருந்து நூறு. ஜனவரி நூறு. பிப்ரவரி இதுவரை நூறு. ஒரு நாள் கூட ஒன்பதே கால் தாண்டவில்லை. நேற்று மீட்டிங்கில் உன் வரைபடத்தைச் சுவரில் பெரிதாகப் போட்டுக் காட்டினார்கள், பெயர் இல்லாமல். பதினாலிலிருந்து நூறு. எல்லாரும் கை தட்டினார்கள். எப்படிச் செய்தீர்கள் என்று என்னை எழுப்பிக் கேட்டார்கள். அன்பாக நடந்துகொண்டேன் என்று சொன்னேன்.

டாக்டர் கடிதம் கொடுத்துவிட்டார். ஹெட்மாஸ்டரிடம் சேர்த்துவிட்டேன். மாமாவும் சரி என்று சொல்லிவிட்டார். மார்ச் 3ஆம் தேதி தமிழ். ஹால் டிக்கெட் இத்துடன் இருக்கிறது.

பார்த்தாயா, எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது.

ஷைலா அக்கா

*

மாமா வீடு
02.03.2025

ஹால் டிக்கெட் கிடைத்தது. நாளைக்குப் போய் எழுதுவேன்.

டிசம்பர் 4ஆம் தேதியிலிருந்து நான் ஒரு மாத்திரை கூடச் சாப்பிடவில்லை.

தினமும் ஒன்பது மணிக்கு வேப்பமரத்தடிக்குப் போவேன். டப்பாவைத் திறப்பேன். ஒரு மாத்திரையை எடுப்பேன். மூடுவேன். எங்கள் கொல்லையில் கரிசல் விரல் போகிற அளவு வெடித்துக் கிடக்கிறது, அதற்குள் போட்டுவிட்டு மண்ணைத் தள்ளுவேன். இது ஒரு நிமிஷ வேலை. ஒரு நாளும் மறந்ததில்லை. அந்தக் கணக்கு சரிதான், நூறு.

ஏன் என்று கேட்பீர்கள். உங்கள் டிசம்பர் கடிதத்தை வைத்துக்கொண்டு யோசித்தேன். நீங்கள் டாக்டரிடம் ஒரே ஒரு வரி சொல்லியிருந்தால் போதும், 'நான்தான் அவளைத் திறக்காதே என்று சொன்னேன்' என்று. அந்தப் பதினாலு சதவீதம் அன்றைக்கே செத்துப்போயிருக்கும். அவர் டிசம்பரிலேயே எனக்குக் கடிதம் கொடுத்திருப்பார். ஜனவரியில் செய்முறை வகுப்புக்குப் போயிருப்பேன். அதைச் சொல்லாமல் என்னை மூடி திறக்கச் சொன்னீர்கள். என் மூன்று மாதத்தை எடுத்து உங்கள் வேலையைக் காப்பாற்றிக்கொண்டீர்கள். சரி, மூடிதானே வேண்டும், வைத்துக்கொள்ளுங்கள் என்று நினைத்தேன்.

பழிவாங்க நினைத்தேன் என்றே எழுதுகிறேன். உங்களை அடிக்க எனக்குக் கைக்கு எட்டியது என் உடம்பு ஒன்றுதான். ஒழுங்காக விழுங்கினபோது கள்ளி என்றீர்கள். மண்ணில் போட்டபோது கை தட்டுகிறீர்கள். சுவரில் போட்டீர்களாமே.

காய்ச்சல் விட்டு விட்டு வருகிறது. வாய்க்குள் வெள்ளையாகப் படர்ந்திருக்கிறது, காரம் பட்டால் எரிகிறது. அத்தை சோற்றை வைத்துவிட்டு இரண்டடி தள்ளி நிற்பவர், இப்போது நாலடி தள்ளி நிற்கிறார்.

அன்பாக நடந்துகொண்டேன் என்று சொன்னீர்களா? எனக்குச் சிரிப்பு வந்தது. ஆபீஸில் பக்கத்தில் இருந்தவள் என்னட்டி என்று கேட்டாள்.

செல்வமாரி

*

கோவில்பட்டி
08.03.2025

செல்வமாரி,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. புதன்கிழமை காலை டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஈரம், சிப், பின்பக்கம், தீப்பெட்டி, மூன்று மாதம், எல்லாம். உன் இரண்டு கடிதத்தையும் அவர் மேஜையில் வைத்தேன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நீங்க அளக்க வந்தியளா, கொல்ல வந்தியளா?" என்று மெதுவாகக் கேட்டார். மத்தியானமே பையை வாங்கிக்கொண்டார்கள்.

அன்று சாயங்காலம் உங்கள் ஊருக்கு வந்தேன். உன் அத்தை சொர்ணத்தாய் வாசலை மறித்துக்கொண்டு நின்று, "அவ இல்ல, நீங்க போயிட்டு வாங்க" என்றார். உள்ளே இருமல் கேட்டது. அது நீதான் என்று எனக்குத் தெரியும். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, திரும்பிவிட்டேன்.

நான் செய்ததற்கு மன்னிப்புக் கேட்க வாயில்லை. வேலையும் இல்லை, இனி என்னிடம் காப்பாற்ற ஒன்றும் இல்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். சாப்பிடு. இன்றைக்கு ராத்திரி ஒரு மாத்திரை சாப்பிடு. மூன்று மாதம் விட்டதால் கிருமி மருந்தைப் பழகிவிட்டதா என்று ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும், டாக்டர் காத்திருக்கிறார். எனக்காக வேண்டாம். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டுமானாலும் நீ உயிரோடு இருந்துதான் அடிக்க வேண்டும்.

சாப்பிட்டேன் என்று ஒரு வரி எழுது. அந்த ஒரு வரிக்காகத் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஷைலா

*

20.04.2025

ஊர் பெயர் போடவில்லை. உறையில் இருக்கிற முத்திரையைப் பார்த்துத் தேட வேண்டாம், பஸ்ஸில் போகிற ஒருவரிடம் கொடுத்து வேறு ஊரில் போடச் சொல்லியிருக்கிறேன்.

பரீட்சை ஆறும் எழுதினேன். தனி அறையில் ஒரு பெஞ்சு. கேள்வித்தாளைக் கொடுக்க வந்தவர் மாஸ்க் போட்டுக்கொண்டு, தாளைப் பெஞ்சு ஓரத்தில் வைத்துவிட்டு நகர்ந்தார். உயிரியல் நன்றாக எழுதியிருக்கிறேன்.

மார்ச் 28ஆம் தேதி எனக்குப் பதினெட்டு முடிந்தது. அன்றைக்கு மாமாவைக் கேட்காமல் தனியாகச் சென்டருக்குப் போய், என் கையெழுத்தை நானே போட்டு, ரத்தம் கொடுத்துவிட்டு, வேறு மாவட்டத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டேன். மந்திரமூர்த்தி டாக்டர் நல்ல மனிதர். உங்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இங்கே எனக்கு வேலை இருக்கிறது, படுக்க இடம் இருக்கிறது. என் தட்டு மற்ற தட்டுகளோடுதான் இருக்கிறது, ஏனென்றால் இங்கே யாருக்கும் தெரியாது.

அவசரம் என்று டாக்டர் குறித்து அனுப்பியதால் ரத்த ரிசல்ட் இந்த முறை சீக்கிரம் வந்துவிட்டது. கிருமி எவ்வளவு, மருந்து இன்னும் கேட்கிறதா இல்லையா, எல்லாம் அதில் இருக்கிறது. எண் எனக்குத் தெரியும், இங்கே இருக்கிற டாக்டருக்குத் தெரியும். உங்களுக்குச் சொல்ல மாட்டேன். யார் கேட்டாலும் சொல்லக் கூடாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

சாப்பிட்டேன் என்று ஒரு வரி கேட்டீர்கள். எழுதுகிறேன். தினமும் ஒன்பது மணிக்குச் சாப்பிடுகிறேன்.

இதை எழுதியது ஆகஸ்டில் எழுதிய அதே செல்வமாரியா, மார்ச்சில் எழுதிய செல்வமாரியா என்று உங்களால் கண்டுபிடிக்க முடியாது. உங்களிடம் இப்போது மூடி இல்லை, டப்பா இல்லை, ரத்தம் இல்லை. நான் எழுதிய இந்த ஒரு வரி மட்டும்தான் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு சாகிறவரைக்கும் நம்பிப் பாருங்கள்.

செல்வமாரி